மாமாவின் சுகரும் எங்கள் வீட்டுச் சோறும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் ராத்திரிச் சோறு நின்றுபோகும், சப்பாத்தி வந்துவிடும். இதை டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, எதிர்வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். என் மாமனாருக்கு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 8.9 என்று வந்தபோது எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ராத்திரி நாலு சப்பாத்தி, தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா. மாமாவுக்கு அது பிடித்தும் போயிற்று. அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எண் அசையவே இல்லை.

ஏன் என்பது கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஒரு சப்பாத்திக்குச் சுமார் 30 கிராம் மாவு. அதில் மாவுச்சத்து 20 கிராம். நாலு சப்பாத்திக்கு 80. குருமாவில் கிடக்கும் கிழங்குக்கு இன்னொரு 15, 20. ஆக மொத்தம் 100 கிராமைத் தொட்டுவிடுகிறது. அதற்கு முன் மாமா ராத்திரியில் சாப்பிட்டது ஒரு கிண்ணம் மோர் சாதம். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அவருடைய கிண்ணம் 200 கிராம் பிடிக்கும். 56 கிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷரை, சுகருக்கு நல்லது என்று சொல்லி 100-க்கு ஏற்றிவிட்டிருந்தோம். கோதுமையின் மேல் குற்றமில்லை. அரிசியோ கோதுமையோ கேழ்வரகோ கம்போ, காய்ந்த தானியம் எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு மாவுச்சத்து 60-க்கு மேல், 80-க்குள். நார்ச்சத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. ஆனால் கடைசியில் ரத்தத்தில் சர்க்கரையாகப் போய்ச் சேரும் சரக்கில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2025-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு இதையே நாடு முழுவதற்குமாகச் சொல்கிறது. நம் ஆட்கள் சாப்பிடும் கலோரியில் சராசரி 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சேர்த்தாலும், மொத்த மாவுச்சத்து குறையாதவரை சர்க்கரை நோய் வரும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் என்று புரதத்தை வைத்த இடத்தில்தான் ஆபத்து குறைந்திருக்கிறது. "அரிசிக்குப் பதில் என்ன சாப்பிடலாம்?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் "எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த 'எவ்வளவு' தெரிந்திருக்கவில்லை. அத்தை இன்றைக்கும் அரிசியை ஆழாக்கில்தான் அளப்பார். தலை தட்டிய ஆழாக்கைத் தராசில் வைத்தேன், 140 கிராம் காட்டியது. மாமாவின் மதியச் சோறு அதுதான், குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தவணையாக. காலையில் ஐந்து இட்லி, அதில் அரிசியும் உளுந்துமாகச் சுமார் 80 கிராம். ராத்திரிச் சப்பாத்தி 120. கூட்டினால் 340 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்குச் சொல்வதே 250 கிராம் தானியம்தான். அதோடு 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறி. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வயலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. தட்டு மட்டும் நடவு நாள் தட்டாகவே இருந்தது.

தராசைப் பார்த்ததும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நிறுத்துச் சோறு போடுற வீடா இது? நெல்லு விளையுற ஊருல?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் சோற்றைக் குறைக்கும் பேச்சை அப்போதைக்கு எடுக்காமல், தட்டில் மற்றவற்றைக் கூட்டும் வேலையைத்தான் முதலில் செய்தேன். ஒரு கரண்டியாக இருந்த பொரியல் இரண்டு கரண்டி ஆயிற்று, கூட்டு தினசரி வந்தது, சாம்பாரில் பருப்பு கெட்டியாயிற்று. தட்டில் பாதி காய், கால்பகுதி பருப்பு அல்லது மீன், கால்பகுதி சோறு என்பார்கள். அந்த விகிதம் எங்களுக்கு இன்றுவரை முழுசாக வந்ததில்லை. ஆனால் பொரியல் கூடியதும் மூன்றாவது தவணைச் சோற்றைத் தானாகவே "போதும்மா" என்று மாமா கை காட்டிவிட்டார்.

குளுக்கோமீட்டர் வாங்கியது அதற்கப்புறம். வெறும் வயிற்றில் பார்க்கும் எண்ணை வைத்து எந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, முதல் வாய் எடுத்து வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று பார்க்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துவது நல்லது. நடுவில் குத்தினால் வலிக்கும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திக்கொண்டால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டிப் பயமுறுத்தும். ஸ்ட்ரிப் விலை சும்மா இல்லை, ஆகவே தினமும் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடும் உணவுகளுக்கு ஒரு சுற்றுப் பார்த்து நோட்டில் எழுதினாலே போதும். சாப்பாட்டுக்குப் பின் 180-க்குள் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நோட்டில் எங்களை ஆச்சரியப்பட வைத்தது கேழ்வரகுக் கூழ். கேழ்வரகு நல்ல தானியம், சந்தேகமே இல்லை. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் கூழ் குடித்த காலையில் இரண்டு மணி நேரம் கழித்து 241. அதே அளவு மாவை முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து அடையாகத் தட்டிக் கொடுத்த நாளில் 183. நைசாக அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குழையக் காய்ச்சினால் குடலுக்கு அரைக்கும் வேலையே மிச்சமிருக்காது. மெல்லவும் வேண்டாம், விழுங்கியதும் கரைந்து உள்ளே போய்விடும். ஓட்ஸ் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சத்துமாவு எடை ஏறாத குழந்தைக்கு நல்லதாக இருக்கலாம். சுகர் உள்ளவருக்கு அது திரவச் சோறு.

ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டுவதற்குக் கிளைசீமிக் இண்டெக்ஸ் என்று ஒரு எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். 1981-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தது. 55-ம் அதற்குக் கீழும் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். அட்டவணையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண், 50 கிராம் மாவுச்சத்து வருகிற மாதிரி அந்த ஒரு பொருளை மட்டும் தனியாகச் சாப்பிடவைத்து அளந்தது. வெறும் சோற்றை யார் சாப்பிடுகிறார்கள்? பருப்பும் கீரையும் தயிரும் சேரும்போது கதை மாறுகிறது. அரிசி ரகம், வெந்த பதம், ஆறிய நேரம் எல்லாமே எண்ணை ஆட்டிவைக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து அரிசி வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் உமி மட்டும் போய்த் தவிடு தங்கியவையாக இருந்தால் நல்லவைதான், மெல்ல நேரம் ஆகும், கொஞ்சத்தில் வயிறு நிறையும். தீட்டித் தீட்டி வெளுக்க வைத்து, 'சுகர் ரைஸ்' என்று அட்டை ஒட்டி, மூன்று மடங்கு விலைக்கு விற்பதை வாங்குவதற்குப் பதில் அந்தக் காசில் ஒரு கிலோ அவரைக்காய் வாங்கலாம்.

புழுங்கலரிசியைப் பற்றி மட்டும் மாமா பிடிவாதக்காரர், அதில் நியாயமும் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மாவுச்சத்தும் ஒரு தடவை வெந்து ஆறி இறுகுவதால், பச்சரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கிறது. தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த இடங்களில் தயமின் என்ற பி வைட்டமின் குறைந்து பெரிபெரி நோய் வந்த காலம் ஒன்று இருந்தது. அதை ஆராய்வதற்காக 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சின்னப் பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மேலே சொன்ன 250 கிராம் கணக்கு அவர்கள் போட்டதுதான். இதை மாமாவிடம் சொன்னேன். "நம்ம புழுங்கலுக்கு வெள்ளைக்காரனே சாட்சியா?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வடித்த சோறு சுகரை ஏற்றாது, குக்கர் சோறுதான் ஏற்றும் என்பதும் ஊரில் வலுவாக இருக்கிறது. கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும், கூடவே பி வைட்டமினும் போகும். இரண்டையும் தராசில் ஒரே எடைக்கு வைத்து, இரண்டு நாளாகப் பார்த்ததில் மாமாவின் எண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பழையது கொஞ்சம் பரவாயில்லை. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத ரகமாக மாறுகிறது. சின்ன வெங்காயமும் மோரும் சேர்த்து ஒரு கிண்ணம் குடித்தால் பசி தாராளமாகத் தாங்கும். சட்டி நிறையக் குடித்தால் அது சட்டிச் சோறுதான்.

இனி சொல்லப்போவதை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். எண் இறங்க ஆரம்பித்த உற்சாகத்தில் மாமா தானாகவே ஒரு காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டார். பதினொரு மணி வாக்கில் திண்ணையில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "கண்ணு இருட்டுது" என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேப்பர் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. மீட்டரில் 58. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்தோம். 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 86. பிறகு ரெண்டு இட்லி. 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. அந்த நேரத்தில் பிஸ்கட்டோ சப்பாத்தியோ உதவாது, சர்க்கரை, குளுக்கோஸ், பழச்சாறு மாதிரி உடனே ஏறும் பொருள்தான் வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மறுநாளே டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். "சோத்தைக் குறைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

மாவு ஆட்டுவதில் நான் செய்த மாற்றம் யாருக்கும் தெரியவில்லை என்பதில் எனக்குப் பெருமை. நாலுக்கு ஒன்று என்று போடும் உளுந்தை மூன்றுக்கு ஒன்று ஆக்கினேன். இட்லி இன்னும் பஞ்சாகத்தான் வந்தது. வாரத்தில் பாதி நாள் அடை. அரிசி ஒரு பங்குக்குத் துவரை, கடலை, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒரு பங்கு, மிளகாய், பெருங்காயம், கரகரவென்று அரைத்து, கீரையைப் போட்டு ஊற்றினால் இரண்டு அடையில் மாமாவுக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. பச்சைப்பயறு தோசைக்கும் இதே குணம். சிறுநீரகம் பழுதான நோயாளிகள் இருக்கும் வீட்டில் மட்டும் பருப்பை இப்படி அள்ளிக் கூட்டக்கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிற அளவுதான்.

சாயங்காலப் பிஸ்கட்தான் பெரிய சண்டை. டைஜெஸ்டிவ், மல்டிகிரெயின், சுகர் ஃப்ரீ என்று பேரன் பேத்தி எல்லோரும் வாங்கி வந்து அடுக்கியிருந்தார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டிலும் முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது மைதா. மல்டிகிரெயினில் தானியங்கள் வால் பக்கம் ஒன்றிரண்டு சதவீதமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பழுப்பு ரொட்டி என்று வாங்கிய ஒன்றில் நிறத்துக்குக் கேரமல். இப்போது அந்த நேரத்துக்குச் சுண்டல். கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை, எது ஊறியிருக்கிறதோ அது. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று அத்தை கேட்டார். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சர்க்கரையைக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது, 5 ஆனால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரிக்கு 5 சதவீதம் என்றால் 25 கிராம். தேனையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

பழத்தைக் கண்டு நடுங்கிக்கொண்டே இரண்டாம் தடவை சோறு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு கொய்யாப்பழம் கடித்துத் தின்ன எவ்வளவு நேரம் ஆகிறது! அதில் இருக்கும் நார்ச்சத்து பிஸ்கட் பாக்கெட்டில் கிடைக்காது. மாமா தினம் ஒரு கொய்யாவோ ஒரு துண்டு பப்பாளியோ சாப்பிடுகிறார். ஜூஸ் கிடையாது.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. காயும் பருப்பும் முதலில் உள்ளே போய், சோறு பின்னால் போனால், அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை ஏறுவது குறைகிறது. நம் கல்யாணப் பந்தியில் இது தன்னாலேயே அமைந்திருக்கிறது. இலையில் கூட்டு, பொரியல், பச்சடி எல்லாம் விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் சோற்றுத் தட்டு வரும். அதற்குள் அவற்றைக் காலி செய்துவிட வேண்டும், இரண்டாம் தடவை கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். ஊரே சோற்றுக்காகக் காத்துக்கொண்டு கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமா மட்டும் சாப்பிட்டு முடித்திருப்பார். பந்தி முடிந்து மண்டப வாசலில் ஒரு பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பதும் எண்ணில் தெரிகிறது.

இதிலெல்லாம் செலவு இல்லையா என்றால், இருக்கிறது. ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, காய் சும்மா கிடைப்பதில்லை. மாதக் கடைசியில் சோற்றையும் ரசத்தையும் வைத்து ஓட்டும் வீட்டில் போய் 400 கிராம் காய்கறி என்று பேசினால் அடிக்க வருவார்கள். கொல்லையில் முருங்கை இருப்பதால் எங்களுக்குக் கொஞ்சம் சமாளிக்க முடிகிறது. சுரை, பூசணி, புடலை, கொத்தவரை எப்போதும் விலை குறைச்சல். முட்டை ஒரு நல்ல வழி. இன்னொரு செலவு யாரும் கணக்கில் எழுதாதது: வாழைப்பூ ஆய்வது, கீரை ஆய்வது, கொத்தவரை நறுக்குவது. பாதித் தட்டுக் காய் என்பது ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரக் கூடுதல் வேலை. ஆம்பளைகள் யாரும் இதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை. இப்போது மாமாதான் கீரை ஆய்கிறார். திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டே, ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டு.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குச் சோறு குறைக்கவில்லை. வளர்கிற பிள்ளை, கபடி ஆடுகிறாள், அவளுக்கு அந்த மாவுச்சத்து வேண்டும். அதே குழம்பு, அதே பொரியல், சோற்றுக் கரண்டி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தினம் 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அதனால் பொரியலில் அவளுக்கும் தள்ளுபடி கிடையாது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது எச்பிஏ1சி, ஆகவே அதைவிடச் சீக்கிரம் பார்த்துப் பிரயோஜனமில்லை. எங்களுக்கு 7.4 வந்தது. தை பிறந்ததும் பொங்கல், பிறகு வரிசையாகக் கல்யாணங்கள், அடுத்த தடவை 7.7. மாமாவின் வயதுக்கு அதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம், பாதி மாத்திரையே தொடரட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சித்திரையில் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் மாம்பழம் வந்துவிடும். ஒரு கன்னம் சாப்பிட்டால் அன்றைக்கு மோர் சாதம் கிடையாது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறேன். அத்தை இரண்டு கன்னம் என்கிறார்.